இடர்வழியும் இரட்சணிய யாத்திரிகமும்

கேலாங் வட்டாரத்து லோரோங்குகளின் வழியே நடந்து செல்வோர், பள்ளிவாசலும் சீனர் ஆலயமும் கிறித்துவத் திருச்சபையும் அண்டை வீடுகளைப் போல அமைந்திருக்கக் காண்பர். இத்தகைய சூழலில் வாழும் நாம், ஒரு சமயக் காப்பியத்தை அச்சமயத்தார்க்கே உரியது என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' அவ்வாறு ஒதுக்கப்பட்ட நூல்களுள் ஒன்று.

1827இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, 1858இல் கிறித்துவம் தழுவினார். அவரது காப்பியம் 1894இல் வெளிவந்தது. ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது அது. ஆங்கிலேயராகிய ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையே அதன் மூலம். பன்யன் பாத்திரம் செப்பனிடும் தொழிலாளர். அனுமதியின்றிச் சமயப் பேருரை ஆற்றினார் என்பதற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் வாடியவர். துன்பத்தைக் கேட்டறிந்து எழுதியவர் அல்லர், பட்டறிந்து எழுதியவர்.

கிருஷ்ணபிள்ளையைக் 'கிறித்துவக் கம்பர்' எனப் போற்றுவது மரபு. இப்பாராட்டே நூலுக்கு ஒரு தடையாயிற்று என்பது என் கருத்து. வகுப்பறையில் நாம் கம்பன் சாயலைத் தேடுகின்றோம். சந்தத்தையும் வருணனையையும் வியக்கின்றோம். காப்பியத்தின் உயிர்நிலையாகிய மனச்சோர்வை மறந்துவிடுகின்றோம்.

அவ்வுயிர்நிலை யாது? பன்யன் கதையில் பயணி புறப்பட்டவுடனேயே சேற்றில் விழுகிறான். உடன் வந்தவன் சினந்து வீடு திரும்புகிறான். பயணியோ தன் வீட்டுக்கு எதிர்ப்பட்ட கரையை நோக்கியே தத்தளிக்கிறான்; ஆயினும் மற்றொருவன் கைகொடுத்த பின்னரே கரையேறுகிறான். பின்னர் ஐயக்கோட்டையில் அடைபட்டபோது உயிரை விடவும் எண்ணுகிறான். தோழன் ஆறுதல் கூறித் தடுக்கிறான். கோட்டையைத் திறக்கும் சாவியோ முன்பிருந்தே அவன் மார்பில் இருந்தது! இறுதி ஆற்றிலும் அவன் அஞ்சி அமிழ்கிறான், தோழனே தாங்குகிறான். விடாமுயற்சி என்பது கலங்காமை அன்று, கலங்கியும் திரும்பாமையே என்பது இக்கதையால் தெளிவாகும். அது தனியொருவன் ஆற்றலாலும் நிறைவேறுவதில்லை.

இவ்விழையைக் கிருஷ்ணபிள்ளை மேலும் ஆழப்படுத்துகிறார். பன்யன் விரித்துரையாத இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரிவாகப் பாடுகிறார். கயிற்றால் பிணிக்கப்பட்ட இறைமகன் அதனை அறுக்க இயலாமல் நிற்கவில்லை. தம்மைத் துன்புறுத்துவோர்பால் கொண்ட அன்பென்னும் கட்டே அவரை நிறுத்தியது என்பது கவிஞர் காட்சி. அக்கொடுமையைக் கண்டவர்கள், நிலம் பிளக்கவில்லையே, வானம் இடியவில்லையே என்று புலம்புகின்றனர். பயணியின் பொறுமைக்கு வேர் எதுவென்று இப்பகுதி காட்டுகிறது. ஊழியம் செய்வோன் தாங்குவது தன் வலிமையால் அன்று. பிறர்பால் கொண்ட அன்பினால் என்பதே அது. காப்பியத்தின் மிகச் சிறந்த இடமும் இதுவே எனலாம்.

குறையும் சொல்லல் வேண்டும். காப்பிய இலக்கணத்தின் பொருட்டுப் புகுந்த நீண்ட வருணனைகள், பயணியின் தவிப்பைச் சில இடங்களில் மறைக்கின்றன. பன்யனின் எளிய உரைநடையில் சேறு சேறாகவே காலைப் பற்றுகிறது. அணி மிகுந்த செய்யுளில் சேறும் அழகு பெற்றுவிடுகிறது. வடசொல் மிகுதியும் இன்றைய மாணவரைத் தயங்க வைக்கும். எனினும் இடையிடையே வரும் தேவாரம் என்னும் இசைப்பாடல்கள் இக்குறையை ஓரளவு நீக்குகின்றன. சைவர் வழிபாட்டுச் சொல்லைத் தம் துதிப்பாடலுக்குச் சூட்டிக்கொண்ட கவிஞரின் உள்ளம் நம் பாராட்டுக்குரியது.

தமிழாசிரியப் பெருமக்களே! வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகட்குத் தமிழ் கற்பிக்கும் நமக்கும் மனச்சோர்வு புதிதன்று. பலர் பாதி வழியில் திரும்புவதைக் கண்டிருக்கின்றோம். அந்நாளில் இக்காப்பியத்தை எடுத்துப் படியுங்கள். சமயம் வேறாயினும் வழி தெரிந்த வழியே. சேற்றில் விழுந்தவன் எக்கரையை நோக்கிக் கையை நீட்டினான் என்பதை மாணவர்க்குக் காட்டுங்கள். சந்தச் சிறப்பைப் பின்னர்ப் பேசலாம்.