உல்கும் வாயிலும்: பழந்தமிழ்ப் பாடல்களில் காவலரும் வழிச்செல்வோரும்

பட்டினப்பாலையுள் வரும் சுங்கச் செய்தியை எடுத்துக்காட்டாத தமிழக வரலாற்று நூல் அரிது. கடல்வழி வந்த பொருள் கரையேறுதலும், நிலத்துப் பொருள் கலம் ஏறுதலும், அவற்றின்மேல் சோழனது புலி இலச்சினை பதித்தலும் பழந்தமிழர் வாணிக வளத்திற்குச் சான்றுகளாக நாடோறும் காட்டப்படுகின்றன. அவ்வாறு காட்டுதல் தவறன்று. ஆயினும், பாட்டு வேறு, பட்டயம் வேறு. பட்டயம் சுங்கம் இருந்தது என்று கூறி அமையும்; பாட்டோ அச்சுங்கத்தைக் கொண்டோர் எத்தகையர், கொடுத்தோர் எத்தகையர், கடந்து சென்றோர் உள்ளம் எந்நிலையில் இருந்தது என்பனவற்றையும் உணர்த்த வல்லது. இவ்வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்பாமல் விட்டோம். காவலரைக் கடந்து செல்லும் மாந்தரின் நிலையைப் பழந்தமிழ்ப் புலவர் எவ்வாறு கண்டனர் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

குதிரையும் நுகத்தாணியும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க மாக்களைக் கூறுமிடத்து, அவர்தம் மடியின்மையையே சிறப்பித்துப் பேசுகின்றார். ஞாயிற்றின் தேரில் பூட்டிய குதிரைகள் ஓய்வறியாதன. அவைபோல் இவரும் நாள்தோறும் சோர்வின்றி உல்கு கொள்கின்றனர். இவர் காப்பது அரசனது பொருளை என்பதையும் புலவர் விளங்கக் கூறிவிடுகின்றார். வணிகன் பொருளைக் காக்கின்றனர் என்று அவர் கூறவில்லை.

அதே பாட்டின் பிற்பகுதியில் வணிகர் வருகின்றனர். அவர்க்குப் புலவர் தேர்ந்த உவமை நுகத்தின் நடுவே நிற்கும் ஆணி. அதற்குப் பகல் என்பது பெயர். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப எண்ணி, மிகையாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் நடுவுநிற்கும் நெஞ்சினர் என்று அவர் போற்றப்படுகின்றனர். இவ்விரண்டு உவமைகளையும் சேர்த்து நோக்கியவர் மிகச் சிலரே. ஒன்று தேரிழுக்கும் குதிரை. மற்றொன்று நுகத்தின் நடுவாணி. இரண்டும் பூட்டிச் செலுத்தும் ஒரே தொழிலைச் சார்ந்தவை. மேலும், பகல் என்னும் சொல் ஞாயிற்றையும் நினைவுறுத்துவது. குதிரை உழைக்கும், ஆனால் எத்திசை செல்வது என்பதை அது முடிவு செய்வதில்லை. ஆணியோ இருபுறத்து எடையையும் சமன் செய்யும். சுங்க மாக்களுக்கு உழைப்பையும் வணிகர்க்கு நடுவுநிலையையும் பண்பாக வகுத்த புலவர், நடுவுநிலை என்னும் சொல்லைச் சுங்கத்தார்க்கு ஓரிடத்தும் வழங்கவில்லை. அவரைப் பழித்தார் என்று இதனால் கூறுதல் பொருந்தாது. ஆணையின்கீழ் இயங்குவோர்க்கு முயற்சி அறமாகலாம். நீதி வழங்கும் உரிமை அவரிடம் இல்லை என்பதையே புலவர் நுட்பமாகக் குறித்தார் எனல் தகும்.

கள்வர் இல்லாத நாட்டில் வடுப்பட்ட மார்பு

இப்புலவரே பாடிய பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனது நாட்டை வழிகாட்டுவது. அதனுள்ளும் சுங்கம் வருகின்றது. ஆனால் காட்சி வேறு. ஈண்டுத் துறைமுகம் இல்லை, இலச்சினை இல்லை. பெருவழிகள் கூடும் கவலைகளில் வில்லேந்திய காவலர் நிற்கின்றனர். மிளகுப் பொதி சுமந்து முதுகு தழும்பேறிய கழுதைகளோடு சாத்தர் அவ்வழியே செல்கின்றனர்.

இப்பகுதிக்கு முன்னர்ப் புலவர் கூறிய செய்தி ஒன்றை மறத்தலாகாது. வழிச்செல்வோரைத் தாக்கிக் கைப்பொருள் பறிக்கும் கொடியோர் திரையனது காவல் நிலத்தில் இல்லை என்று அவர் உறுதி கூறியுள்ளார். ஆனால், அடுத்து வரும் வணிகர் காலில் அரணமும் உடலில் சட்டையும் அணிந்து, பக்கத்தில் வாள் தொங்க நடக்கின்றனர். அம்பு பாய்ந்து ஆறிய வடுக்கள் அவர் மார்பில் உள. கள்வர் இல்லாத நாட்டில் வணிகர்க்கு வாள் எற்றுக்கு? அவ்வடுக்கள் பிறநாட்டு வழிகளில் பெற்றனவாகலாம் என்று அமைதி கூறலாம். அஃது ஏற்புடையதே. எனினும், மன்னனைப் புகழும் பாட்டினுள் வழிப்போக்கரின் உடம்பையே சான்றாக நிறுத்திய புலவரது நேர்மையை நாம் போற்றுதல் வேண்டும். காவல் உண்டு என்பது அரசன் கூற்று. வடு உண்டு என்பது வணிகன் மார்பு கூறும் கூற்று. புலவர் இரண்டையும் பதிவு செய்தார்.

இங்கே திருக்குறளின் 552ஆம் பாட்டை நினைத்தல் பொருந்தும். செங்கோல் ஏந்தியவன் குடிகளிடம் பொருள் இரத்தலை, வேலேந்தி நிற்பவன் வழிப்போக்கனை மறித்துக் கேட்டலோடு வள்ளுவர் ஒப்பிடுகின்றார். 756ஆம் பாட்டிலோ உல்கினை அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக அவரே எண்ணுகின்றார். இவை முரணாகா. உல்கு முறையானது, ஆனால் முறை தவறிய வழி, சாவடிக்கும் ஆறலைப்புக்கும் வேற்றுமை இன்றாம். இருவர் கையிலும் படைக்கருவி உண்டு. இருவரும் வழியில் நின்றே கேட்கின்றனர். வேறுபாடு முறை ஒன்றே. முதற் குலோத்துங்கனைச் சுங்கந் தவிர்த்த சோழன் என்று நாடு வழங்கியது. ஒரு வரியை நீக்கிய செயல் பேரரசன் ஒருவனுக்குப் பட்டமாயிற்று என்றால், அவ்வரி மக்களுக்கு எவ்வளவு சுமையாயிருந்தது என்பது உய்த்துணரப்படும்.

ஐயமும் சான்றும்

இதுகாறும் கூறியது பொருளைப் பற்றிய காவல். ஆளைப் பற்றிய காவல் இதனினும் கொடிது. புறநானூற்று 47ஆம் பாட்டின் கொளு இதற்குச் சான்று பகரும். நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர் கிழார் பாடிக் காத்தார். எல்லை கடந்ததே இளந்தத்தன் செய்த குற்றம். பகைவர் இருவர்க்கு இடையே அவன் நடந்துவிட்டான்.

கோவூர் கிழாரின் வழக்காடலைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அவர் இளந்தத்தன் இன்னான் என்று கூறவில்லை; அவன் ஒற்றன் அல்லன் என்பதற்கு ஏதுவும் காட்டவில்லை. புலவர் கூட்டத்தின் வாழ்க்கையையே எடுத்துரைக்கின்றார். பறவைபோல் நெடுவழி கடப்பர். பெற்றதைச் சுற்றத்தோடு பகிர்வர். பிறர்க்குத் தீது நினையார். கல்வியால் மாற்றாரை நாணச் செய்தல் ஒன்றே அவர் அறிந்த போர். மண்ணாளும் மன்னரை ஒத்த தலைமையும் அவர்க்கு உண்டு. ஆக, தொழிலே சான்றாகின்றது. இஃது அழகிய வாதம். ஆயினும் இதன் எல்லையையும் நாம் காணுதல் வேண்டும். அன்று அவ்வழியே வந்தவன் புலவனாக இல்லாமல் உப்பு விற்கும் உமணனாக இருந்திருப்பின், அவன்பொருட்டு எவர் பாடியிருப்பர்? புலவர்க்கு உரிய விடுதலை வழிச்செல்வோர் அனைவர்க்கும் உரிய விடுதலையாகப் பாட்டில் விரிக்கப்படவில்லை.

அதியமான் வாயிலில் ஔவையார் நின்ற நிலையும் (புறம் 206) இக்கருத்தை வலியுறுத்தும். வாயிலோனை அவர் அச்சமின்றி விளிக்கின்றார். அரசன் தன்னை அறியானோ, என்னை அறியானோ என்று வினவுகின்றார். எங்குச் சென்றாலும் தமக்குச் சோறு உண்டு எனக் கூறிப் புறப்படுகின்றார். கலை கைவரப் பெற்றோர்க்கு மற்றொரு வாயில் திறக்கும் என்னும் துணிவே இப்பேச்சின் வேர்.

சிலப்பதிகாரம் இவ்வெல்லையைக் கடக்கின்றது. ஈண்டு வழிச்செல்வோன் புலவன் அல்லன். பொருள் இழந்த வணிகன். ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கோட்டை வாயிலைக் காக்கும் வாளேந்திய யவனர் ஐயுறாதவாறு உட்புகுகின்றான். அடிகள் இதனை ஒரு சொல்லால் குறித்து அப்பாற் செல்கின்றார். குற்றம் ஒன்றும் செய்யாதவனும் காவலன் முன் தன் நடையையும் முகத்தையும் திருத்திக்கொள்ள வேண்டியிருத்தல் வழிச்செல்வோர் யாவரும் அறிந்த துன்பமாகும். வாயிலில் எழாத ஐயம் நகரினுள் எழுகின்றது. கொலைக்களக் காதையில் கொல்ல வந்த காவலர், இவன் உறுப்பிலக்கணம் கள்வனுக்கு உரியதன்று எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லனோ களவு நூலை விரித்து அவர் கண்டதைப் பொய்யாக்குகின்றான். அறியாமையும் கள்ளும் மிக்க ஒருவன் வாள் வீசுகின்றான். கண்டு அறிந்த உண்மையைக் கற்பித்த ஐயம் வென்றது. காவலர் எல்லாரையும் கொடியர் எனக் காட்டாமல், அவருள் ஒரு நல்ல தயக்கம் இருந்ததென்றும் அத்தயக்கம் தோற்றதென்றும் காட்டியதில் அடிகளின் நடுவுநிலை விளங்குகின்றது.

வழக்குரை காதையில் நிலை தலைகீழாகின்றது. கோவலன் காவலரைக் கண்டு அடங்கிச் சென்றான். கண்ணகியைக் கண்ட வாயிலோன் அஞ்சி அரசனிடம் ஓடுகின்றான். இக்காப்பியத்தில் வாயிலைக் கடக்கும் உரிமையை இலச்சினையோ தொழிலோ தரவில்லை. முறை கேட்கும் துணிவே தருகின்றது. புலவரல்லாத ஒருவர் வாயிற் காவலனுக்கு ஆணையிடும் குரலைத் தமிழிலக்கியம் இங்கே பேரளவில் பெற்றது எனலாம்.

தொண்டைக் கடற்கரை

இவ்வாராய்ச்சி பழமையோடு நில்லாது. பெரும்பாணாற்றுப்படை பாடிய தொண்டை நாட்டின் வடகடற்கரையில், பொன்னேரி வட்டத்துக் காட்டூரும் பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவர் ஊர்களும் உள்ளன. 1613இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடமாக அதுவே விளங்கிற்று. போர்த்துக்கீசியர் 'கர்த்தாசு' என்னும் சீட்டினைக் கடலில் புகுத்தியிருந்தனர். ஒல்லாந்தரும் அம்முறையைப் பின்பற்றித் தம் சீட்டு இல்லாத கலங்களைப் பற்றினர். புலி இலச்சினை கரையில் இறங்கிய பொதியின்மேல் பதிந்தது. இச்சீட்டோ கடலில் செல்லும் உரிமையையே விலைப்படுத்திற்று. அக்கோட்டையின் வழியே 17ஆம் நூற்றாண்டில் அடிமைகளாக்கப்பட்ட மாந்தரும் பத்தாவியாவுக்குக் கலமேற்றப்பட்டனர். பொருளின் வாயிலும் ஆளின் வாயிலும் அங்கே ஒன்றாயின.

1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபின் ஏரியின் பெரும்பகுதி அம்மாநிலத்ததாயிற்று. தென்பகுதி நம் பக்கம் நின்றது. நீரின்மேல் மதில் இல்லை. ஆயினும் இருமாநில மீனவரிடையே எல்லைப் பூசல்கள் நிகழ்ந்துள்ளன. நிலவழியில் எளாவூர்ச் சாவடி நிற்கின்றது. 2017இல் சரக்கு சேவை வரி வந்ததும் மாநில வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஆளைச் சோதிக்கும் சாவடிகள் மின்னணு அனுமதிச் சீட்டோடு மீண்டும் எழுந்தன. பொருட்காவல் தளர்ந்தாலும் ஆட்காவல் எளிதில் தளர்வதில்லை என்பதற்கு இஃது அணிமைச் சான்று.

இவ்வேரி மீனவரிடையே 'பாடு' என்னும் மரபுமுறை ஒன்று உண்டு. ஏரியின் மீன்பிடி இடங்களை இன்ன நாள் இன்னார் வலையிடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இதிலும் எல்லை உண்டு. உரிமையற்றோரை விலக்குதலும் உண்டு. ஆனால் எல்லையைக் காப்பவர் அவ்வெல்லையால் கட்டுண்டவரே. உருத்திரங்கண்ணனார் வணிகர்க்கு உரைத்த நுகத்தாணியின் நடுவுநிலை, சாவடியைக் காட்டிலும் இத்தகைய முறைக்கே நெருங்கியது என்பது எம் கருத்து.

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, பட்டினப்பாலைச் சுங்கப் பகுதி வாணிக வளத்தின் சான்று மட்டும் அன்று. உழைப்புக்கும் நடுவுநிலைக்கும் உள்ள வேற்றுமையை உவமைகளால் உணர்த்துவதும் ஆகும். இரண்டாவது, சங்கப் பாடல்களில் காவலன்முன் வாய்திறந்து பேசும் உரிமை பெரும்பாலும் புலவர்க்கே உரியது. அதனைப் பிறர்க்கும் விரித்தது சிலப்பதிகாரம். மூன்றாவது, உமணரும் பரதவரும் நெய்தற் பாடல்களில் நிறைந்திருந்தும், சாவடியைக் கடந்த அவர்தம் சொல் நமக்குக் கிடைத்திலது. ஏட்டில் இல்லாத அச்சொல் வாய்மொழியிலேனும் எஞ்சியிருத்தல் கூடும். பழவேற்காட்டுக் கரை ஊர்களில் வழங்கும் படகுப் பாடல்களையும் வழிநடைக் கதைகளையும் இந்நோக்கில் தொகுத்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. அத்தொகுப்புக் கிடைக்குமாயின், அரசனது பொருளைக் காத்தோர் புகழைப் பாடிய பாட்டின் பக்கத்தில், அவரைக் கடந்து சென்றோர் கூற்றையும் வைத்துப் படிக்க இயலும்.