நிறம் யார் கொடுத்தது?

அச்சங்குளத்துப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது பாடமே இல்லை: பேன்சி ரக வெடி சிவப்பாக விரிந்தால் மணிமருந்தில் ஸ்ட்ரான்ஷியம், பச்சையாக விரிந்தால் பேரியம். நிறம் சரக்கிலிருந்தே வருகிறது. எக்ஸ் கதிர் வானியல் படங்களில் அப்படியில்லை. பி1509-58 என்ற பல்சாரைச் சுற்றிக் கைபோல விரிந்திருக்கும் நீல நெபுலாவை 2009இல் சந்திரா தொலைநோக்கிப் படம் உலகெங்கும் பிரபலமாக்கியது. அந்த நீலம் ஆட்கள் வைத்தது. ஆற்றல் குறைந்த கதிருக்குச் சிவப்பு, கூடியதற்கு நீலம் என்று ஓர் ஏற்பாடு. இது ஏமாற்று வேலையல்ல. ஆனால் விளக்கக் குறிப்பு உதிர்ந்து ‘கடவுளின் கை’ என்ற பெயர் மட்டும் ஊர் சுற்றும்போது படம் அறிவியலை விட்டுக் கழன்றுவிடுகிறது.

சூப்பர்நோவாவை ‘வானத்து வாணவேடிக்கை’ என்று எழுதுவதும் எனக்கு ஒப்பாது. 2021 பிப்ரவரியில் ஆலை வெடித்துப் பல உயிர்களைப் பறிகொடுத்த ஊரில் அந்த உவமை வாயில் வராது. இயற்பியலாகப் பார்த்தாலும் அது தப்பு. மருந்து தீர்ந்தால் வெடி அணைந்துவிடும். 1054இல் சீனர்கள் குறித்துவைத்த வெடிப்பின் மிச்சமான நண்டு நெபுலா இன்னும் அணையவில்லை. அங்கே எக்ஸ் கதிர் உமிழும் எலக்ட்ரான்கள் சில ஆண்டுகளிலேயே ஆற்றலை இழந்துவிடும். அப்படியிருந்தும் ஒளிர்கிறது என்றால் யாரோ நடுவில் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊட்டுவது நடுவிலுள்ள பல்சார், வினாடிக்கு முப்பது சுற்றுச் சுற்றும் நியூட்ரான் விண்மீன். ஊட்ட ஊட்ட, அதன் சுழற்சியும் மெள்ள மெள்ளத் தளர்கிறது. ரேடியோ அலை உமிழும் எலக்ட்ரான்கள் நெடுங்காலம் தாங்கும், அதனால் அவை பழங்கதையையும் சேர்த்துச் சொல்லும். எக்ஸ் கதிர்தான் அண்மைக்கால வரவு செலவைக் காட்டுகிறது. எக்ஸ் கதிர் வானியலின் பெரிய பலம் இதுவே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சென்னையில் படித்து வளர்ந்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999இல் ஏறிய சந்திரா, நண்டின் நடுவே வளையத்தையும் இருபுறத் தாரைகளையும் துல்லியமாகப் பிரித்துக் காட்டியது. ஆனால் அதன் முக்கியப் படக்கருவி வழக்கமாக ஒரு சட்டம் எடுக்க 3.2 வினாடி ஆகும். அதற்குள் பல்சார் தொண்ணூறு தடவைக்கு மேல் சுற்றிவிடும். கண் கூர்மை, கடிகாரம் மழுங்கல்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் நேர் எதிர். அதிலுள்ள சிஇசட்டிஐ கருவி ஒவ்வொரு ஃபோட்டானின் வருகையையும் மைக்ரோவினாடிக் கணக்கில் பதிகிறது. ஆனால் அதற்கு நெபுலாவும் பல்சாரும் சேர்ந்து ஒரே புள்ளிதான். கருவியின் ஒரு கட்டத்தில் மோதிய ஃபோட்டான் பக்கத்துக் கட்டத்துக்குச் சிதறும் திசையை எண்ணி எண்ணி, அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்ற தளவிளைவை அளந்தார்கள். 2017இல் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வந்த முடிவு வியப்பானது. பல்சார் அடங்கியிருப்பதாக நினைத்த இடைவேளையிலும் தளவிளைவு மாறியது. நெபுலா மட்டும் ஒளிர்ந்தால் அது மாறக் கூடாது. இந்தியக் கருவிக்கு இது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் கண்ணால் பிரிக்காமல் கழித்தல் கணக்கால் பிரித்த முடிவு என்பதைப் பாராட்டுக் கட்டுரைகள் சொல்லாமல் நழுவிவிடுகின்றன.

கழிப்பதற்கு நிலையான ஒன்று வேண்டும். வானியலாளர்கள் நெடுநாளாக மற்ற மூலங்களின் ஒளிர்வை ‘மில்லி நண்டு’ என்றே எடைபோட்டார்கள். நண்டு அவர்களுக்குப் படிக்கல். 2008க்கும் 2010க்கும் இடையே நெபுலாவின் எக்ஸ் கதிர் வரத்து ஏறக்குறைய 7 விழுக்காடு குறைந்தது தெரியவந்தபோது படிக்கல்லே கரைந்தது. சாத்தூர் வத்தல் கடையில் இப்படி நடந்தால் முத்திரை ஆய்வாளர் சும்மா விடுவாரா?

2024 புத்தாண்டு நாளில் ஏவிய எக்ஸ்போசாட் செயற்கைக்கோள், அதே மாதமே நண்டைப் பார்த்தது. ராமன் ஆராய்ச்சி நிலையம் செய்த, அதிலுள்ள போலிக்ஸ் கருவி 8 முதல் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை தளவிளைவை அளக்கிறது. முன்பு அமெரிக்க-இத்தாலிய ஐஎக்ஸ்பிஇ 2 முதல் 8 வரை அளந்தபோது கூடவே படமும் எடுத்தது. போலிக்ஸுக்குப் படம் கிடையாது. ஆகவே இங்கேயும் பல்சாரின் பங்கு எவ்வளவு, நெபுலாவின் பங்கு எவ்வளவு என்பதைக் கழித்துத்தான் எடுக்க வேண்டும்.