விராலுக்கு ஏரி பார்ப்பது

வலை வீசுகிறவருக்கு மீன் கண்ணில் பட வேண்டியதில்லை. தூண்டில்காரருக்கும் அப்படித்தான்; தக்கை அமுங்கினால் போதும், கலங்கல் தண்ணீரிலும் மீன் ஏறும். ஈட்டி எடுத்தவர் மட்டும் மீனைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதனால் விரால் குத்துகிறவரின் திறமையில் பாதிக்கு மேல், எந்த ஏரிக்குப் போவது என்ற முடிவிலேயே தெரிந்துவிடும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஏரிக்குப் பஞ்சமில்லை. ஈட்டிக்கு வாகான ஏரிதான் அபூர்வம்.

முதலில் மண். அரியலூர் வட்டாரம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்த பூமி. சுண்ணாம்புக்கல்லும், ஓடைக்கரைகளில் பொறுக்கக் கிடைக்கும் கல்லாகிப்போன சிப்பிகளும் அந்தக் கடல் விட்டுப்போன சொத்து. அதன் மேல் படிந்திருக்கும் கருங்களி, ஐப்பசி மழையில் கரைந்து வந்து ஏரியைப் பால் விட்ட டீயாக்கிவிடும். களித்துகள் மிக நுண்ணியது; லேசில் அடியில் தங்காது. மேற்கே பச்சைமலை அடிவாரம் வேறு மாதிரி. அங்கே சரளையும் மணலும் கலந்த நிலம். கல்லாற்றுப் பக்கம், அரும்பாவூரைச் சுற்றியுள்ள ஏரிகளில் வெள்ளம் வந்து கலக்கினாலும் கனமான மணல் சீக்கிரம் இறங்கிவிடும். கார்த்திகையில் அவசரப்பட்டு ஈட்டியோடு கிளம்பும் இளவட்டங்களைப் பார்த்து, "தண்ணி தெளியட்டும் தம்பி" என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான். மார்கழியில் தெளிவு வரும். தை, மாசியில் நீர் இறங்க இறங்க, பரந்து கிடந்த மீன் ஒடுங்கி வரும். அதுதான் ஈட்டியின் காலம்.

ஆனால் தெளிந்த ஏரியிலெல்லாம் விரால் இருக்காது. வெறும் மணல்தரையாகப் பளிச்சென்று கிடக்கும் ஏரி பார்க்க அழகு, அவ்வளவுதான். பதுங்கியிருந்து பாயும் மீனுக்கு மறைப்பு வேண்டும். கோரையும் சம்பும் அடர்ந்த ஓரம், ஆம்பல் இலைகளின் நிழல், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களின் தூர், இவையெல்லாம் அதன் வீடு. முழுக்கப் பாசி மூடினாலும் பயனில்லை. மறைப்பும் வெட்டவெளியும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். அந்த எல்லைக்கோட்டில்தான் விரால் நிற்கும். இன்னொன்று, கோடையில் ஏரி எந்த அளவுக்கு வற்றியது என்று ஊராரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஈரச்சேற்றில் புதைந்து கோடையைக் கடத்தும் வித்தை விராலுக்குத் தெரியும் என்றாலும், மதகோரக் குழியில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நின்ற ஏரியில்தான் கை நிறையும் பருமனுக்கு மீன் வளர்ந்திருக்கும்.

உலகத்தின் மறுகோடியில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், இதே கலையை உறைந்த ஏரி மேல் செய்கிறார்கள். பனிப்பாளத்தில் சதுரமாகத் துளை வெட்டி, அதன் மேல் வெளிச்சம் புகாத சிறு குடிலை நிறுத்தி, உள்ளே இருட்டில் உட்கார்ந்துகொள்கிறார்கள். கீழே தண்ணீர் மட்டும் ஒளிர்ந்து தெரியும். மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய பொம்மை மீனை நூலில் ஆட்டினால், பைக் என்ற நீள்முக வேட்டை மீன் அதைத் தேடி வரும். நேர் கீழே ஈட்டியை இறக்குவார்கள். அவர்களும் ஏரியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது தெளிவையும் பாசிச் செடியின் விளிம்பையும்தான். அந்தப் பொம்மை மீன்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களைச் செய்யும் அரும்பாவூர்க் கைகளுக்கு ஒன்று கொடுத்துச் செதுக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

நமக்குப் பொம்மை தேவையில்லை. விரால் காற்றைக் குடிக்கும் மீன். செவுள் மட்டும் அதற்குப் போதாது. நாம் பேசாமல் நின்றால் அதுவே மேலே வரும். முதலில் இலைகளுக்கிடையே ஒரு கருமை திரளும். பாம்பின் தலை போலத் தட்டையான தலை சத்தமில்லாமல் நீர்மட்டத்தைத் தொடும். வாய் திறந்து மூடும். சிறு வளையம் ஒன்று விரியும்போது மீன் பின்வாங்கி, பெரும்பாலும் வந்த வழியிலேயே இறங்கும். அந்த வளையங்களைக் கரையிலிருந்து எண்ணிப் பார்த்தே ஏரியில் விரால் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நின்று பார்க்க இடமும் வேண்டுமே. நம் பக்கம் நிலம் பொதுவாகக் கிழக்கே சரிவதால், பல ஏரிகளுக்குக் கரை கிழக்கில் அமைந்திருக்கும். இது ஈட்டிக்காரருக்குக் கிடைத்த வரம். மார்கழி வாடை வடகிழக்கிலிருந்து வரும்போது கரையடித் தண்ணீர் மட்டும் அலையின்றிக் கிடக்கும். காலை வெயில் முதுகுப்பக்கமிருந்து விழுவதால் கண் கூசாது, தண்ணீருக்குள் ஆழம் வரை தெரியும். தன் நிழல் மட்டும் முன்னால் விழும்; அதனால் கருவேல மரத்தையோ பனையையோ ஒட்டி நின்று, அதன் நிழலுக்குள் தன் நிழலைக் கரைத்துவிடுவார்கள். சாய்வாகப் பார்க்கும்போது மீன் இருக்கும் இடத்தைவிட மேலே தெரியும். ஈட்டியைத் தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே விட வேண்டும். கரை செங்குத்தாக இறங்கும் ஏரியில் நேர் கீழே பார்த்துக் குத்தலாம், அந்தப் பிழை அநேகமாக இராது. பனித்துளையில் மின்னசோட்டாக்காரர்களுக்குக் கிடைப்பதும் இந்த வசதிதான்.

ஏரியை மதிப்பிட எனக்குத் தெரிந்த சிறந்த ஆசான் பாம்புத்தாரா. அதுவும் மூழ்கிப் போய், கூரிய அலகால் மீனைக் குத்திப் பிடிக்கிற பறவை. மேலே வந்ததும் குத்திய மீனை உதறி விடுவித்து, காற்றில் எறிந்து, தலை முன்னால் வரும்படி பிடித்து விழுங்கும். கண்ணை நம்பி வேட்டையாடுவதால் அது மும்முரமாக மூழ்கும் ஏரியில் தெளிவும் மீனும் இரண்டும் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். இதைக் கண்குளிரப் பார்க்கக் கரைவெட்டிக்குப் போக வேண்டும். புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீர் பெறும் அந்த ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம், 2024 முதல் ராம்சார் தலம். குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி அங்கே வந்து இறங்குகின்றன. ஈட்டிக்குரிய எல்லா லட்சணமும் பொருந்திய ஏரி. ஈட்டி நுழையவே கூடாத ஏரியும் அதுதான். அங்கே போய் இரண்டு காலைப்பொழுது பாம்புத்தாராவைப் பார்த்துவிட்டு வேறு ஏரிக்குப் போகிறவர் மற்றவர்களைவிடத் தெளிவாகப் பார்ப்பார்.

சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்துக் கைவிட்ட சுரங்கக் குழிகளில் தண்ணீர் நீலமாகத் தெரிந்தாலும் அங்கே போகவே வேண்டாம். செங்குத்துச் சுவர், நிலையில்லாத விளிம்பு, திடீர் ஆழம். குத்தகைக்கு விட்ட ஏரி என்றால் குத்தகைதாரரிடம் கேட்டுத்தான் இறங்க வேண்டும். கட்லாவும் ரோகும் விட்டு வளர்ப்பவர்கள், குஞ்சுகளைத் தின்னும் விராலைக் குத்திப் போக அநேகமாகத் தடை சொல்வதில்லை.

கடைசியாகக் குஞ்சுகள். மழைக்குப் பின் நீர்மட்டத்தில் செந்நிறத்தில் ஒரு திரள் கொதிப்பது போல அசைந்தால், அதன் கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கிறது. விரட்டினாலும் விலகாத அந்த மீனைக் குத்துவது மிக எளிது. அந்தக் காவல் இல்லாவிட்டால் கெண்டையும் கெளுத்தியும் பறவையும் அந்தத் திரளை ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும். அப்படி ஒரு திரளைக் கண்ட ஏரிக்கு அந்த மாசி வரை நான் யாரையும் கூட்டிப்போவதில்லை.