கடைசிப் பெயர் என்ற கட்டம்

வங்கிக் கிளை ஒன்றில், புதுக் கணக்குத் தொடங்க வருகிறவர்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் ஊழியரின் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். திரையில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் கட்டாயம். ஒன்றைக் காலியாக விட்டால் அடுத்த திரை திறக்காது. எதிரே இருந்தவருக்கு ஒரே பெயர்தான், முன்னால் அப்பா பெயரின் இனிஷியல். ஊழியர் தயங்கவே இல்லை. கடைசிப் பெயர் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். அடுத்து வந்தவருக்கு அப்பா பெயரை முழுதாக விரித்துப் போட்டார். மூன்றாமவருக்கு இனிஷியலை மட்டும்.

"இதுல எது சரி தம்பி?" என்று கேட்டேன்.

"எதைப் போட்டாலும் ஏத்துக்கும் சார். காலியா விட்டாத்தான் ஏத்துக்காது."

தொழில் என்ற இடத்தில் நீண்ட பட்டியல் ஒன்று விரிந்தது. வலை பின்னுகிறவருக்கு அதில் இடமில்லை, 'மற்றவை' ஆனார். ஈமெயில் இல்லாதவர்களுக்கெல்லாம் கிளையின் முகவரியே போயிற்று. வெளியே ஆட்கள் டோக்கனோடு நின்றுகொண்டிருந்தார்கள். அந்த இளைஞர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்குக் கொடுத்திருந்த திரையில் அதைவிட நன்றாக யாராலும் வேலை செய்திருக்க முடியாது.

அந்தப் புள்ளி, அந்த 'மற்றவை', அந்த ஈமெயில் எல்லாம் தலைமையகத்துக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே அவற்றைக் காப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. தரவு ஆளுகை என்கிறார்கள். ஒரு விவரம் நிறுவனத்துக்குள் என்ன பொருளில் பதியப்படுகிறது, அதற்குப் பொறுப்பு யார், யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், தவறென்று தெரிந்தால் திருத்த வேண்டியவர் யார் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவுசெய்து, அதன்படி நடப்பது. இது வேண்டிய வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இன்று பெரிய நிறுவனங்களில் அது நடக்கும் விதத்தைப் பார்த்தால், விவரம் பிறக்கும் இடத்தைக் கைவிட்டுவிட்டு, அது அறிக்கையாகி வந்து சேரும் இடத்தில் மட்டும் காவல் நிற்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

வங்கித் துறையில் இந்த நடைமுறை வேரூன்றியதற்கு ஒரு பெரும் அடி காரணம். 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது. மற்ற வங்கிகளில் எல்லாம் அன்று ஒரே கேள்வி: லேமனிடமிருந்து நமக்கு மொத்தம் எவ்வளவு வரவேண்டியிருக்கிறது? எளிய கேள்விதான். ஆனால் லேமன் ஆயிரக்கணக்கான துணை நிறுவனங்களாகப் பிரிந்து கிடந்தது. அவை ஒவ்வொன்றும் வங்கிகளின் வெவ்வேறு பிரிவுகளில், வெவ்வேறு கணினிகளில், வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருந்தன. கூட்டிச் சொல்லப் பல வங்கிகளால் உடனடியாக முடியவில்லை. பணம் போனதைவிட, எவ்வளவு போயிற்று என்று தெரியாமல் போனதுதான் அந்த நாட்களில் பீதியைக் கிளப்பியது.

அதன் விளைவாக, பாசல் வங்கி மேற்பார்வைக் குழு 2013 ஜனவரியில் 14 கோட்பாடுகளை வெளியிட்டது. 11 வங்கிகளுக்கு, மீதி 3 அவற்றை மேற்பார்வை செய்பவர்களுக்கு. குழுவின் 239-ஆவது வெளியீடு என்பதால் துறைக்குள் அதற்குப் பெயரே 'பிசிபிஎஸ் 239'. இடர் பற்றிய எந்த எண்ணைக் காட்டினாலும், அது எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக வந்தது என்று வங்கி சொல்ல வேண்டும், நெருக்கடி நேரத்திலும் விரைந்து தொகுத்துத் தர வேண்டும் என்பது அதன் சாரம். உலகளவில் முக்கியமானவை என்று முதலில் அறிவிக்கப்பட்ட பெரும் வங்கிகளுக்கு 2016 ஜனவரி வரை அவகாசம்.

இதோடு சேர்ந்து வளர்ந்த இன்னொன்று, நிறுவனங்களுக்கான 20 எழுத்து அடையாள எண். எல்இஐ என்பார்கள். எந்த நாட்டில் எந்த வங்கியில் கடன் வாங்கினாலும் ஒரு நிறுவனத்துக்கு ஒரே எண். இந்தியாவிலும் 5 கோடி ரூபாய்க்கு மேல் கடன் உள்ள நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி படிப்படியாக அதைக் கட்டாயமாக்கியது. தரவு ஆளுகை சாதித்தது என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். அன்று லேமனைத் தேடி எழுத்துக்கூட்டலில் தடுமாறியவர்களுக்கு இன்று ஒவ்வொரு துணை நிறுவனத்துக்கும் ஓர் எண் போதும்.

இன்னொரு நன்மையை நான் நேரில் பார்த்தேன். ஒரு நிதி நிறுவனத்தில் 'வாடிக்கையாளர் என்றால் யார்' என்று முடிவுசெய்யக் கூடியிருந்தார்கள். வைப்புத்தொகைப் பிரிவுக்குக் கணக்கு வைத்திருப்பவர் வாடிக்கையாளர். கடன் பிரிவுக்கு உத்தரவாதம் கொடுத்தவரும் வாடிக்கையாளர். கார்டு பிரிவு, ஒரே குடும்பத்தில் கூடுதல் கார்டு வாங்கியவரையும் தனி ஆளாக எண்ணிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் பிரிவோ செயலியைத் தரவிறக்கியவரை எல்லாம் சேர்த்துக்கொண்டது. ஆளுக்கொரு கணக்கை இயக்குநர் குழுவுக்கு ஆண்டுக்கணக்கில் அனுப்பி வந்திருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சொல் ஒன்றாக இருந்தது, பொருள் நான்காக இருந்தது.

மூன்று கூட்டங்கள் நடந்தன, குரல்களும் உயர்ந்தன. கடைசியில் அவர்கள் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே பொருளை எல்லார் தலையிலும் கட்டாமல், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்தார்கள்: கணக்குதாரர், கடனாளி, உத்தரவாதி, கூடுதல் கார்டுதாரர், செயலிப் பயனர். எந்த அறிக்கையிலும் வெறுமனே 'வாடிக்கையாளர்' என்று எழுதக்கூடாது என்று தீர்மானம். அன்று அந்த அறையில் நடந்தது அகராதி தொகுப்பவர்களின் வேலை. ஒரு சொல்லை எடுத்து, வெவ்வேறு ஊரில் அதற்கு என்னென்ன பொருள் என்று கேட்டு, பிரித்து எழுதும் பொறுமை அது. தரவு ஆளுகை நன்றாக நடக்கிற இடத்தில் அது இப்படித்தான் இருக்கும்.

அப்படி நடக்கும் இடங்கள் குறைவு. பாசல் குழு 2023 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டில், 31 பெரும் வங்கிகளில் எல்லாக் கோட்பாடுகளையும் முழுமையாக நிறைவேற்றியவை இரண்டே இரண்டு. கோட்பாடுகள் வந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நிலை. பணமோ ஆளோ இல்லாத வங்கிகள் அல்ல இவை.

சிட்டி வங்கியின் கதை இதில் விரிவாகப் பார்க்கத் தக்கது. 2020 ஆகஸ்டில் ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடனுக்காக ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டி மட்டும் போயிருக்க வேண்டும். அதற்குப் பதில் 90 கோடி டாலருக்குப் பக்கத்தில் போய்விட்டது. அசல் வெளியே போகாமல் இருக்க, மென்பொருள் திரையில் மூன்று கட்டங்களை நிரப்பியிருக்க வேண்டும். ஒன்றை மட்டுமே நிரப்பினார்கள். பதிந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என மூன்று பேரின் கண் அதன்மேல் பட்டது. மூவருமே சரியென்று நம்பினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், இடர் மேலாண்மை, தரவு ஆளுகை, உள்கட்டுப்பாடு ஆகியவற்றில் நெடுநாளாக இருந்த குறைகளுக்காக அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு அந்த வங்கிக்கு 40 கோடி டாலர் அபராதம் விதித்தது. திருத்தப் பெருமுயற்சி தொடங்கியது. 2024 ஜூலையில், தரவுத் தரத்தைச் சீர்செய்வதில் முன்னேற்றம் போதாது என்று இரண்டு அமைப்புகள் சேர்ந்து மேலும் ஏறத்தாழ 13.6 கோடி டாலர் விதித்தன. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 ஏப்ரலில், 280 டாலர் வரவு வைக்க வேண்டிய ஒரு கணக்கில் 81 லட்சம் கோடி டாலர் ஏறியது. தொகைக் கட்டத்தில் சுழிகள் முன்கூட்டியே நிரம்பியிருந்தன, பதிபவர்தான் அவற்றை அழித்துவிட்டு எழுத வேண்டும். பதிந்தவர் கவனிக்கவில்லை. சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து மூன்றாவது ஊழியர் ஒருவர் கண்டுபிடித்ததால் பணம் வெளியே போகவில்லை.

இரண்டு நிகழ்விலும் தவறு பிறந்தது கட்டத்தில். அதைப் பார்க்க நியமிக்கப்பட்ட கண்கள் இருந்தன, விதிகள் இருந்தன, குழுக்கள் இருந்தன. கட்டத்தை மாற்றும் அதிகாரம் மட்டும் அதைத் தினமும் தொடுபவரிடம் இல்லை. நம் கிளை ஊழியரின் நிலையும் இதுதான்.

ஆளுகைத் துறை இந்தக் குறையை ஏன் காண்பதில்லை? அது எதை அளக்கிறது என்று பாருங்கள். தரத்தை அளக்கப் பெரும்பாலும் முதலில் எடுப்பது நிறைவு, அதாவது கட்டங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்ற கணக்கு. கடைசிப் பெயரில் புள்ளி வைத்தால் கட்டம் நிரம்பியதாகவே கணக்கு. தொழில் 'மற்றவை' என்றால் அதுவும் நிரம்பியது. ஈமெயில் கட்டத்தில் ஈமெயில் வடிவம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். கிளையின் முகவரி அந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகத் தலைமையகத் திரையில் எல்லாம் பச்சையாக ஒளிர்கிறது. கட்டாயம் என்ற விதியைக் கடுமையாக்க ஆக்க, புள்ளிகள் பெருகுகின்றன, பச்சையும் பெருகுகிறது. காலியாக விட்டிருந்தால் 'இது நமக்குத் தெரியாது' என்ற உண்மையாவது மிஞ்சியிருக்கும். விதி அதையும் அழித்துவிட்டது. இந்த நடைமுறையின் ஆகப் பெரிய குறை எதுவென்று கேட்டால், தெரியாததைத் தெரிந்ததாக மாற்றிக் காட்டும் இந்தப் பழக்கத்தைத்தான் சொல்வேன்.

அடுத்தது, அதிகாரம் இல்லாத பொறுப்பு. ஒவ்வொரு வகைத் தரவுக்கும் ஒரு உரிமையாளர், அவருக்குக் கீழே ஒரு 'டேட்டா ஸ்டீவர்ட்' என்று காகிதத்தில் பெயர் எழுதுகிறார்கள். அந்த ஸ்டீவர்ட் ஏற்கெனவே முழுநேர வேலை பார்க்கிறவர். மாதம் ஒருமுறை கூட்டத்துக்கு வருவார், தவறுகளின் பட்டியலைப் பெற்றுக்கொள்வார். 'இந்தப் படிவம் தவறு, திருத்தும்வரை இதில் கணக்குத் தொடங்காதீர்கள்' என்று அவரால் சொல்ல முடியுமா? புதுக் கணக்குகளுக்கு இலக்கு வைத்திருக்கும் மேலதிகாரி ஒரே போனில் அதைக் கடந்துவிடுவார். சொல்லுக்குப் பொருள் எழுதும் பட்டியலுக்கும் இதே கதிதான். தணிக்கைக்கு முன் அவசர அவசரமாக ஆயிரக்கணக்கான சொற்களை நிரப்புகிறார்கள். 'வாடிக்கையாளர் எண்: வாடிக்கையாளரின் எண்' என்று விளக்கம் எழுதியதை நானே படித்திருக்கிறேன். தணிக்கை முடிந்தபின் அதை யாரும் திறப்பதில்லை.

விதி பார்க்காத இடத்தில் வேலை நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஜேபி மார்கன் வங்கியின் லண்டன் பிரிவு 2012-இல் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அந்தப் பிரிவின் இடரைக் கணக்கிட்ட மாதிரி, ஒரு எக்செல் தாளிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் ஒட்டி ஒட்டி இயங்கியது என்று வங்கியே 2013 ஜனவரியில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் சொன்னது. ஓரிடத்தில் சராசரியால் வகுக்க வேண்டியதைக் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். இடர் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. பெரிய கணினி அமைப்புகளுக்கு உரிமையாளர் உண்டு, ஆவணம் உண்டு. எக்செல் தாளுக்கு அதைத் திறந்து வைத்திருப்பவரைத் தவிர யாரும் இல்லை. எக்செல்லைத் தடை செய்வதும் தீர்வாகாது, வேலை அவசரம் இருக்கும்வரை அது வேறு பெயரில் வேறு மடிக்கணினிக்குப் போகும்.

இந்தக் குறைகளைக் கண்டு எல்லாவற்றையும் மையத் துறையே ஆள வேண்டாம், தரவை அந்தந்தப் பிரிவே ஆளட்டும் என்று 2019-இல் ஜமாக் தெகானி முன்வைத்த 'டேட்டா மெஷ்' போன்ற யோசனைகள் வந்தன. உற்பத்தியாகும் இடத்துக்குப் பொறுப்பைக் கொண்டுபோவது சரியான திசை. ஆனால் பிரிவு என்பதும் ஒரு தலைமையகம்தான். கவுண்டர் அதற்கும் தூரம்.

நம் நாட்டில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் ஒரு கதவைத் திறக்கிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவெடுக்க அவருடைய தரவைப் பயன்படுத்தினால், அது முழுமையாகவும் துல்லியமாகவும் இருப்பதை நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. திருத்தக் கேட்கும் உரிமையும் உண்டு. நிறுவனங்கள் இதையும் இன்னொரு பச்சை விளக்காக மாற்றிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால், புள்ளிகளைப் பெயர் என்று எண்ணுவதை முதலில் நிறுத்த வேண்டும். 'தெரியவில்லை' என்று பதியக் கவுண்டரில் இடம் வேண்டும். படிவத்தை நிறுத்தச் சொன்னால் நிற்கும் அளவுக்கு அந்த ஸ்டீவர்டின் கையெழுத்துக்கு மதிப்பு வேண்டும். பதிந்தவருக்கு, தான் பதிந்தது பின்னால் என்னவாயிற்று என்று யாராவது ஒருநாள் வந்து சொல்ல வேண்டும்.

அது என்னவாகிறது என்பதை எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பார்த்தேன். அந்த வீட்டு அப்பா இறந்தபின் டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்புக் ஒன்று கிடைத்தது, அட்டை கிழிந்து, கணக்கு எண் அழிந்து. பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், அதைத் தேட 2023 ஆகஸ்ட் முதல் உத்கம் என்ற தளம் இருக்கிறது என்று சொல்லி, மகளோடு உட்கார்ந்து நானும் தேடினேன். பெயரோடு பிறந்த தேதி, பான் எண் போல ஏதாவது ஓர் அடையாளமும் கேட்டது. அப்பா கணக்குத் தொடங்கிய காலத்தில் பான் எண் கிடையாது. பிறந்த தேதியைப் போட்டு, பெயரை இனிஷியலோடு அடித்துப் பார்த்தாள். இனிஷியலைப் பின்னால் போட்டாள். தாத்தா பெயரை முழுதாக விரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அப்பா பேரை அவங்க எப்படி எழுதியிருப்பாங்க மாமா?"