கோடு யாருடையது? – டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றமும் பழுதுபார்க்கும் கையேடுகளும்

பழைய கார்களுக்கான பழுதுபார்க்கும் கையேடுகளைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அவற்றில் பல அத்தியாயங்கள் அருமையானவை. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டும் பகுதி வந்தால் பெரும்பாலானவை ஒரே பாட்டைப் பாடும்: ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறி, உடலுக்கும் பிளாக்குக்கும் சேர்த்து ஒரு கோடு போடு, கழற்று, கழற்றின வரிசைக்கு எதிர் வரிசையில் மாட்டு. அவ்வளவுதான். இந்த அறிவுரை பாதி உண்மை. மீதிப் பாதியை எழுதாமல் விட்டது எனக்கு ஒரு ஹெட் கேஸ்கெட் செலவு வைத்தது.

அப்பாவின் அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஆட்டம் கண்டுவிட்டது. பாயின்ட் இடைவெளியை 0.015 அங்குலம் வைத்தால் நாலு நாளில் மாறிவிடும். அதே மாடலில் ஒன்றைத் தேடி வாங்கி நானே மாற்றினேன். வெள்ளை பெயின்டில் கோடு போட்டு, ரோட்டாரைப் படம் எடுத்து, புத்தகம் சொன்னபடி அச்சு மாறாமல் மாட்டினேன். முதல் செல்ஃபிலேயே வண்டி பிடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் சேலத்திலிருந்து ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழெட்டு வளைவு தாண்டினதும் அப்பா சொன்னார்: “டப்பாவுல சில்லறை குலுங்குற மாதிரி சத்தம் வருதேப்பா.”

“புத்தகத்துல போட்ட மாதிரியேதான் பண்ணியிருக்கேன்ப்பா” என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. இறங்கி வந்தபோது ரேடியேட்டரில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் அறுபது வயதைத் தாண்டியவர். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது யாரு தம்பி போட்டது?”

“நான்தாண்ணே.”

“அப்ப இது உங்க கோடு. இன்ஜினோட கோட்டப் பாத்தீங்களா?”

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்கான விளக்கம்தான்.

முதலில், டைமிங் எதற்கு என்று பார்த்துவிடலாம். பிளக்கில் பொறி விழுந்ததும் கலவை ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. எரிந்து முடிக்க நேரம் எடுக்கும். கணக்குக்கு அதை 2 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 ஆர்பிஎம்மில் அந்த நேரத்துக்குள் கிராங்க் சுமார் 10 டிகிரி சுற்றும். 3000 ஆர்பிஎம்மில் 36 டிகிரி சுற்றிவிடும். அதனால் வேகம் கூடக் கூடப் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் போட்ட இரண்டு சிறு எடைகள் சுழற்சியில் விரிந்து இந்த அட்வான்ஸைக் கொடுக்கின்றன. லேசான ஆக்சிலரேட்டரில் ஓடும்போது வேக்குவம் டப்பா இன்னும் கொஞ்சம் கூட்டும்.

எங்கள் பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த எடைகள் துரு ஏறி இறுகிப் போயிருந்தன. வேகம் கூடினாலும் அட்வான்ஸ் ஏறாது. எப்போதோ யாரோ அதை ஈடுகட்ட மொத்த உடலையும் திருப்பி, ஐட்லிங்கிலேயே அளவுக்கு மீறிய அட்வான்ஸ் வைத்துவிட்டார்கள். வண்டி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்ட கோடு அந்தக் கோளாறான நிலையைத்தான் துல்லியமாகப் பதிவு செய்தது. வந்த டிஸ்ட்ரிபியூட்டரிலோ எடைகள் நன்றாக விரிந்தன. பழைய திருப்பலும் புது அட்வான்ஸும் சேர்ந்து, பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் தலையில் அடித்தன. அதுதான் அப்பா கேட்ட சில்லறைச் சத்தம்.

கையேடுகள் மீது என் முதல் குற்றச்சாட்டு இது: கழற்றும்போது இருந்த நிலை சரியானது என்று அவை சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன. நன்றாக ஓடும் வண்டியில், வேறு வேலைக்காகக் கழற்றி, அதே பொருளைத் திரும்ப மாட்டும்போது கோடு போதும். பொருளே மாறும்போது இன்ஜினிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது: எண். கையேட்டில் இத்தனை டிகிரி என்று ஒரு எண் இருக்கும். அது வண்டியின் எண் என்று நினைக்கிறோம். உண்மையில் அது வண்டியும் அந்த டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்த ஜோடியின் எண். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இதற்கு நல்ல உதாரணம். 1970களின் தொடக்கத்தில் வந்த 1600 சிசி பீட்டில்கள் சிலவற்றில் இரண்டு வேக்குவம் குழாய் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தது. குழாய்களைக் கழற்றாமலேயே, ஐட்லிங்கில், உச்சப்புள்ளிக்கு 5 டிகிரி பின்னால் வைக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டுப் பலரும் மாட்டியது பாஷ் 009. அதில் வேக்குவமே கிடையாது, எடைகள் மட்டும்தான். அதை 3000 ஆர்பிஎம்முக்கு மேல் முறுக்கிப் பிடித்து, உச்சப்புள்ளிக்கு 28 முதல் 32 டிகிரி முன்னால் வைப்பது வழக்கம். பழைய எண்ணை நம்பி 009ஐ 5 டிகிரி பின்னால் வைத்தால் வேகத்திலும் பொறி தாமதமாகவே விழும். வண்டி இழுக்காது, சூடேறும். டிஸ்ட்ரிபியூட்டர் போனதும் அதன் எண்ணும் கூடவே போய்விடுகிறது. இதைச் சொல்ல ஒரு வரி போதும்.

மூன்றாவது: புல்லியில் இருக்கும் குறி. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு முழுச் சுற்று என்பது கிராங்கின் 720 டிகிரி. அதற்குள் முதல் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும், ஒருமுறை அமுக்கும்போதும் இன்னொரு முறை புகையை வெளியேற்றும்போதும். புல்லிக் குறி இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டரோ கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், எது எது என்று அதற்குத் தெரியும். குறியை மட்டும் பார்த்து மாட்டினால் 180 டிகிரி தப்பாகப் போகலாம். முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் விரலை வைத்துச் சுற்ற வேண்டும். விரலைக் காற்று தள்ளினால் அதுதான் அமுக்கும் சுற்று.

கையேடுகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவை எழுதப்பட்டது தினம் பத்து வண்டி பார்க்கும் கம்பெனி மெக்கானிக்குக்காக. அவருக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. இதற்கு மாற்றாக, 1969இல் ஜான் மியூர் என்ற பொறியாளர் பீட்டில் வண்டிக்கு ஒரு புத்தகம் எழுதினார், பீட்டர் அஷ்வாண்டன் படங்களோடு. தலைப்பின் கீழேயே வாசகரைச் செல்லமாக முட்டாள் என்று அழைக்கும் புத்தகம் அது. படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை அது மறப்பதில்லை. எனக்கு மரியாதையாகப் படுவது அந்த ‘முட்டாள்’தான்.

அப்படியானால் காதை நம்பலாமா? அப்பாவின் காது சரியாகத்தானே சொன்னது? கோளாறைக் கண்டுபிடிக்கக் காது சிறந்த கருவி. டைமிங் வைக்க அது போதாது. ஐட்லிங்கில் அட்வான்ஸ் கூட்டக் கூடப் பெரும்பாலும் இன்ஜின் வேகமாக, மென்மையாக ஓடும். காதுக்கு அது பிடித்துப்போய், இன்னும் கொஞ்சம் திருப்பு என்று சொல்லும். மலையில்தான் அதற்கான வட்டியைக் கட்டுவோம்.

எங்கள் அம்பாசிடர் மாதிரி வண்டிக்கு அந்த அத்தியாயத்தை நான் எழுதினால் வரிசை இப்படி இருக்கும். முதலில் பாயின்ட் இடைவெளி, ஏனென்றால் அது மாறினால் டைமிங்கும் மாறும். பிறகு விரல் வைத்து முதல் சிலிண்டரின் அமுக்கும் சுற்றைக் கண்டுபிடித்து, புல்லியைச் சொன்ன டிகிரியில் நிறுத்துவது. ரோட்டார் பார்க்கும் இடமே ஒன்றாம் நம்பர் வயர். அங்கிருந்து ரோட்டார் சுற்றும் திசையில், இந்த இன்ஜினுக்கு இடஞ்சுழியாக, 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டரின் காயில் வயர் முனைக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சின்ன பல்பு; இக்னிஷன் போட்டு உடலை மெல்லத் திருப்ப, பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் பாயின்ட் திறக்கிறது, பொறி அங்கேதான். இறுக்கிய பின் டைமிங் லைட்டில், வேகம் ஏற ஏறக் குறி நகர்கிறதா என்று பார்ப்பது. அந்தக் கடைசிப் பரிசோதனையைப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன்பே செய்திருந்தால் என் கேஸ்கெட் பிழைத்திருக்கும்.

மெக்கானிக் அண்ணன் என் வெள்ளைக் கோட்டை டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார். வண்டி இப்போது ஏற்காடு ஏறுகிறது. அப்பா முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வளைவிலும் நான் அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்: “சத்தம் ஏதாவது வருதாப்பா?”