ஒரு சொல்லுக்கு இரண்டு எண்களா?

ஏலக்காய்க் கிடங்கில் மூட்டைகளை எண்ணிட்டு அடுக்கியிருந்தால், எண்ணைச் சொன்னதும் உரிய மூட்டையை எடுத்துவிடலாம். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கணிப்பொறியும் சொற்களை இவ்வாறே தேடுகிறது. சொல்லின் எழுத்துகளைக் கொண்டு கணக்கிடப்படும் அந்த எண்ணுக்கு 'ஹாஷ்' என்று பெயர்.

எழுத்துகளின் குறியெண்களைக் கூட்டுவதே மிக எளிய முறை. ஆனால் 'கரம்', 'ரகம்' இரண்டுக்கும் ஒரே கூட்டுத்தொகை வந்துவிடும். ஜாவா மொழியின் முறை இதனினும் மேலானது. ஒவ்வொரு குறியெண்ணையும் சேர்க்கும் முன், அதுவரை வந்த விடையை அது 31ஆல் பெருக்கிக்கொள்கிறது. எனவே எழுத்துகள் இடம் மாறினால் பெரும்பாலும் எண்ணும் மாறுகிறது. இது பாராட்டத்தக்கதே. எனினும் இம்முறையை ஆங்கிலச் சொற்களைக் கொண்டு மட்டும் கற்பிப்பது பெருங்குறை எனலாம்.

போடிநாயக்கனூர் வட்டார ஊர்களைத் தேடித் தரும் நிரல் ஒன்றை என் மாணவர் எழுதினார். நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் செய்திகளில் அடிபட்ட பொட்டிபுரமும் பட்டியலில் இருந்தது. தேடினாலோ, 'இல்லை' என்றே விடை வந்தது!

காரணம், 'பொ' என்னும் முதல் எழுத்து. யூனிகோடு முறையில் இதை 'ப' (2986), ஒகரக் குறி (3018) என இரண்டு குறியெண்களால் எழுதலாம். 'ப', ஒற்றைக் கொம்பு (3014), கால் (3006) என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஜாவா முறையில் முதலாவது 2986 × 31 + 3018 = 95,584 ஆகிறது; இரண்டாவதோ 29,65,986 ஆகிவிடுகிறது. பட்டியலில் ஒரு வடிவம், தேடியது மறு வடிவம்!

குறை பெருக்கலில் இல்லை. 'கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணிப்பொறிக்கும் ஒன்றே' என்று நாம் நம்பியதில்தான் இருக்கிறது. இவ்விரு வடிவங்களும் ஒன்றே என்று யூனிகோடு வரையறுத்திருக்கிறது. எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சீராக்க முறையையும் வகுத்துத் தந்திருக்கிறது. முதலில் சீராக்கம், பிறகு ஹாஷ். வெர்னியரில் சுழிப்பிழையைத் திருத்தாமல் அளவு எடுப்போமா?

இது வெறும் வகுப்புப் பயிற்சியன்று. பொன்னம்மாளும் கோபாலும் ஒரு பெயர்ப் பட்டியலில் தம் பெயரைத் தேடும்போது, இருக்கும் பெயரையே 'இல்லை' என்று சொல்லிவிடும் பிழை இது.

மாணவர்களே, 'போடி'யின் முதல் எழுத்துக்கும் கணக்கிட்டுப் பாருங்கள். ஓகாரக் குறி 3019. இரட்டைக் கொம்பு 3015. விடைகள் 95,585, 29,66,017 என வந்தால் உங்கள் கணக்கு சரி.