எந்தப் பெயரில் போடலாம்?

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரிலிருந்து காக்களூர் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஷிப்டுக்குப் போகிறவர்களில் எழுதுகிறவர்கள் உண்டு. நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார்கள், கைப்பேசியில் தட்டி வைத்திருப்பார்கள். "ஏதாவது இதழுக்கு அனுப்பலாமே" என்று சொன்னால், கதை நன்றாயிருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே இன்னொரு கேள்வி வந்துவிடும்: "எந்தப் பேர்ல சார் போடறது?"

இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை போக ஒரு போன் போதும். தெருவில் பாதி வீடுகள் சொந்தக்காரர்களுடையவை. மாமனார் படிப்பார், சூப்பர்வைசர் படிப்பார், சாதிச் சங்கத்துக்காரர் படிப்பார். அதனால் புதிதாக எழுத வருகிறவர் புனைபெயரை முதல் துணையாகப் பிடித்துக்கொள்கிறார். நம் இதழ்களில் ஒரு நூற்றாண்டாக நடந்துவரும் இந்த வழக்கம் பயத்தைப் போக்குகிறதா, தள்ளிப்போட மட்டும் செய்கிறதா என்பதுதான் என் கேள்வி.

புனைபெயரின் பெருமைக்கு ஒரே ஒரு சாட்சி வேண்டுமென்றால் சல்மாவைச் சொல்வேன். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்தவர். பருவமெய்தியதும் பள்ளிப் படிப்பு நின்றுபோனது. மணமான பிறகு, வீட்டார் கண்ணில் படாமல் கழிப்பறையில் நின்று எழுதினார். எழுதிய தாள்களைத் தாயார்தான் வெளியே எடுத்துச் சென்று சேர்ப்பித்தார். வீட்டில் ராஜாத்தி என்று அறியப்பட்ட அவர் எழுதுகிறார் என்று தெரிந்தால் அன்றே பேனா பறிபோயிருக்கும். சல்மா என்ற பெயர் இருந்ததால் 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' என்ற கவிதைத் தொகுப்பு வந்தது. 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலும் வந்தது. இடையில், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவிக்கு நின்று வென்று ஊரறிந்த மனுஷியானார். அதன் பிறகும் சல்மா என்ற பெயரை அவர் விடவில்லை. ஒளிந்துகொள்ளக் கிடைத்த பெயரிலேயே பின்னாளில் மேடையேறினார். பயத்தை வெல்வதென்றால் நடைமுறையில் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: பயம் முழுதும் போன பிறகு அவர் எழுதவில்லை, எழுத எழுதத்தான் அது விலகியது.

நம் பக்கத்து ஆள் ஒருவரும் உண்டு. திருவள்ளூர், 1997இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை செங்கல்பட்டோடு இருந்தது. அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து நாவலூரில் 1916இல் பிறந்தவர் கோவிந்தன். ஆனந்த விகடன் அச்சகத்தில் எழுத்துக் கோத்த தொழிலாளி. பெரிய எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளை ஈய எழுத்தாக அடுக்கும் ஒருவர், அதே பக்கத்தில் தன் கதையும் வரவேண்டும் என்று நினைக்க எவ்வளவு துணிவு வேண்டும்! அவர்தான் விந்தன், பிறகு கல்கி இதழின் ஆசிரியர் குழுவுக்கே போனார், 'பாலும் பாவையும்' நாவலை எழுதினார், 1954இல் 'மனிதன்' என்று சொந்தமாக ஒரு பத்திரிகையும் நடத்தினார். கம்பாசிட்டர் கோவிந்தனின் கதை என்று வந்திருந்தால், அது ஒரு தொழிலாளி எழுதியது என்ற இரக்கத்தோடு படிக்கப்பட்டிருக்கலாம். விந்தன் என்ற பெயருக்குப் பின்னால் ஊரும் தெரியாது, சாதியும் தெரியாது, சம்பளமும் தெரியாது. தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. புனைபெயரின் பலன்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

பயத்தோடு சம்பந்தமே இல்லாத பலனும் ஒன்றுண்டு. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தனாகப் புகழ்பெற்ற பிறகும் கவிதைக்கு வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என்று இன்னொரு பெயர் வைத்துக்கொண்டார். புதுத் துறையில் இறங்கும்போது பழைய புகழின் பாரம் தோளில் வேண்டாம் என்ற சுதந்திரம் அதில் இருக்கிறது.

இனி குறைகள்.

சிலர் புனைபெயரைச் சட்டப் பாதுகாப்பு என்றே நம்புகிறார்கள். அது பிழை. 1964ஆம் ஆண்டு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 9ஆவது விதி, சொந்தப் பெயரில் எழுதினாலும் பெயரில்லாமல் எழுதினாலும் புனைபெயரில் எழுதினாலும் அரசை விமர்சிப்பதை ஒன்றாகவே தடுக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்திலும் ஒரு விலை இருக்கிறது. ஆசிரியர் யாரென்று தெரிந்த நூலுக்கு அவர் இறந்த பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. கடைசிவரை யாரென்று வெளிப்படாத புனைபெயர் நூலுக்கோ, வெளியான காலத்திலிருந்தே அந்த 60 ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குச் சேரவேண்டியது அதில் குறையலாம்.

இவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. வீட்டுக்குப் பயந்து பெயர் மாற்றுவது வேறு, 'நன்றாக இல்லை என்று சொல்லிவிடுவார்களோ' என்று பயந்து மாற்றுவது வேறு. இரண்டாவது பயத்துக்குப் புனைபெயர் மருந்தாகாது. பாராட்டு வந்தால் அது தனக்கு, திட்டு வந்தால் அந்தப் பெயருக்கு என்று மனம் பங்கு பிரித்துக்கொள்ளும். திட்டு உறைக்காதவர் அடுத்த கதையைத் திருத்தி எழுதமாட்டார். இந்தப் பயத்தோடு வருகிறவர்களிடம் வை.மு. கோதைநாயகியைச் சொல்வேன். எழுதிப் பழக்கமில்லாத காலத்தில் தோழியிடம் வாயால் சொல்லி எழுதவைத்துத் தொடங்கியவர். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, ஏச்சுக்களுக்கு நடுவிலும் சொந்தப் பெயரிலேயே நாவல் நாவலாக எழுதினார். கணவர் துணை நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சல்மாவுக்கு அது வாய்க்கவில்லை.

தொழிற்பேட்டைக்குத் திரும்பினால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. இங்கே ஒருவரைக் காட்டிக்கொடுப்பது கதைக்கு மேலே இருக்கும் பெயர் இல்லை, கதைக்குள் இருக்கும் விவரம். எந்த பிரஸ் மெஷினில் விரல் போனது, நைட் ஷிப்டு வண்டி எந்த நிறுத்தத்தில் ஆளை விட்டுவிட்டுப் போனது, பிஎஃப் பணத்தைப் பற்றிக் கேட்டபோது கான்ட்ராக்டர் என்ன சொன்னார் என்று ஒருவர் எழுதினால், கூட வேலை செய்கிறவர்கள் இரண்டாவது பத்தியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது புனைபெயர் வைத்தவர் அடுத்த படிக்குப் போகிறார்: மெஷினை எடுத்துவிடுகிறார், நிறுத்தத்தை எடுத்துவிடுகிறார், கடைசியில் 'ஒரு தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி' என்று நிற்கிறது. எவர் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய கதை அது.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலையோ உடம்போ வீடோ ஆபத்தில் இருக்கிறது என்றால் தயங்காமல் புனைபெயர் வையுங்கள், ஆனால் இதழாசிரியருக்கு உண்மைப் பெயரும் முகவரியும் போகட்டும். ஆளை மறைக்க வேண்டுமானால் கம்பெனியின் பெயரை மாற்றுங்கள், ஆட்களின் பெயரை மாற்றுங்கள், ஆணைப் பெண்ணாக்குங்கள், வருஷத்தை முன்னே பின்னே நகர்த்துங்கள். மெஷின் செய்கிற வேலையையும் அது எழுப்புகிற சத்தத்தையும் மட்டும் தொடாதீர்கள். அதைக்கூட எழுத முடியாத நிலை என்றால், வேலை மாறும்வரை கதை நோட்டிலேயே இருக்கட்டும். விவரத்தை உருவிவிட்டு அவசரமாக அச்சில் பார்ப்பதைவிட, விவரத்தோடு அது இரண்டு வருஷம் காத்திருப்பதையே நான் விரும்புவேன்.